ஊர் ஒரு நாட்டில்... ரயில் நிலையம் இன்னொரு நாட்டில்!

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஒரு சதுக்கம். சதுக்கத்தின் நடுவே, தரையில் எல்லையைக் காட்டும் ஓர் அடையாளம். அதைத் தாண்டி நாலு அடி வைத்தால் நீங்கள் நிற்பது வேறொரு நாடு! பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்க அங்கே கவுன்டர் கிடையாது, வழிமறிக்கும் குறுக்குக் கட்டையும் கிடையாது. ஸ்லோவேனியாவில் ரயிலைவிட்டு இறங்கியவர், பெட்டியை உருட்டிக்கொண்டு ஒரே நிமிடத்தில் இத்தாலிக்குள் போய்விடலாம்.

ஆனால், இதே சதுக்கத்தின் குறுக்கே பல பத்தாண்டுகள் எல்லை வேலி நின்றது. ஒரு பக்கம் அம்மா வீடு, மறுபக்கம் மகள் வீடு என்று குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. ஒரு விளக்குமாறு வாங்குவதற்காக ஆயிரக்கணக்கானோர் காவலைத் தள்ளிக்கொண்டு எல்லை தாண்டிய கதையும் இந்த ஊரில்தான் நடந்தது.

இத்தாலியில் இருக்கும் பாதியின் பெயர் கொரிட்சியா. ஸ்லோவேனியாவில் இருக்கும் பாதியின் பெயர் நோவா கொரிட்சா, அதாவது 'புது கொரிட்சா'. பழைய ஊரில் சுமார் 34 ஆயிரம் பேர், புதிய ஊரில் சுமார் 13 ஆயிரம் பேர். நம்மூர்க் கணக்கில் இரண்டையும் சேர்த்தாலும் ஒரு சின்ன நகரம்தான். அந்தச் சின்ன நகரத்தைத்தான் 20-ம் நூற்றாண்டு படாத பாடு படுத்தியது.

நாலு மொழி பேசிய ஊர்

'கொரிட்சா' என்றால் ஸ்லோவேனிய மொழியில் சிறு குன்று. குன்றின் மேல் ஒரு பழங்காலக் கோட்டை, அதன் கீழே ஊர், பக்கத்தில் பச்சை நிறத்தில் ஓடும் ஓர் ஆறு. அந்த ஆற்றுக்கும் இரண்டு பெயர்கள். ஸ்லோவேனியர்களுக்கு அது சோச்சா, இத்தாலியர்களுக்கு இசோன்சோ.

1500-ம் ஆண்டிலிருந்து முதல் உலகப் போரின் முடிவு வரை இந்த ஊர் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. இத்தாலியன், ஸ்லோவேனியன், ஃப்ரியூலியன், ஜெர்மன் என நாலு மொழிகள் சந்தையில் கலந்து ஒலித்தன. ஊர் நடுவே கடைகளும் பள்ளிகளும் மருத்துவமனையும் இருந்தன. சுற்றியிருந்த மலைக் கிராமங்களிலிருந்து காய்கறி, பழம், பால் எல்லாம் ஊருக்குள் வந்தன. ஊருக்குக் கிராமமும் கிராமத்துக்கு ஊரும் தேவைப்பட்டன.

இங்கே ஏற்கெனவே 1860 முதல் ஒரு ரயில் பாதை இருந்தது. அது போதாதென்று, ஆல்ப்ஸ் மலைகளைக் குடைந்து ட்ரியெஸ்ட் துறைமுகத்துக்குப் போக இரண்டாவதாக ஒரு பாதையைப் போட்டது ஆஸ்திரிய அரசு. அதற்காக ஊரின் வடகிழக்கு ஓரத்தில் பிரமாண்டமான ஒரு நிலையம் எழும்பியது. 1906 ஜூலை 19 அன்று அந்தப் பாதையைத் திறந்து வைத்தவர் இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். ஆம், எட்டு வருடம் கழித்து சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டு, முதல் உலகப் போருக்குக் காரணமானாரே, அதே இளவரசர்தான்!

நிலையத்திலிருந்து வடக்கே சற்று தூரத்தில், சோச்சா ஆற்றின் மேல் சோல்கன் பாலம் நிற்கிறது. முழுக்க முழுக்கக் கல்லால் கட்டிய ரயில் பாலம். அதன் நடு வளைவின் அகலம் மட்டும் 85 மீட்டர். கல்லால் கட்டிய ரயில் பாலங்களில் உலகிலேயே இதைவிடப் பெரிய வளைவு கிடையாது. 1916-ல் பின்வாங்கிய ஆஸ்திரியப் படை அந்த வளைவை வெடி வைத்துத் தகர்த்தது. போருக்குப் பின் ஊரைப் பெற்ற இத்தாலி, அதே மாதிரி கல் வளைவையே 1927-ல் மறுபடி கட்டி முடித்தது. இன்றும் அதன் மேல் ரயில் ஓடுகிறது.

தெருவில் விழுந்த வெள்ளைக் கோடு

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி வந்ததும் ஸ்லோவேனியப் பள்ளிகள் மூடப்பட்டன. மக்களின் குடும்பப் பெயர்கள்கூட இத்தாலியப் பெயர்களாக மாற்றப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 மே மாதம், யூகோஸ்லாவியப் போராளிகள் ஊருக்குள் நுழைந்து சுமார் 40 நாள்கள் வைத்திருந்தார்கள். பிறகு நேச நாடுகளின் படை நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 'இந்த ஊர் யாருக்கு?' என்ற கேள்வி பாரிஸில் பேச்சுவார்த்தை மேஜைக்குப் போனது.

அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் என நாலு வல்லரசுகளும் வரைபடத்தில் ஆளுக்கொரு கோடு போட்டன. கடைசியில் பிரான்ஸ் போட்ட கோடு தேர்வானது. 1947 பிப்ரவரி 10 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தம், செப்டம்பர் 15 நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது.

கோடு எப்படி விழுந்தது தெரியுமா? ஊர், கோட்டை, கடைவீதி எல்லாம் இத்தாலிக்கு. அந்த ஊரை நம்பியிருந்த கிழக்கு, வடக்குக் கிராமங்கள் யூகோஸ்லாவியாவுக்கு. 1906-ல் கட்டிய ரயில் நிலையமும் தண்டவாளமும் யூகோஸ்லாவியாவுக்கு. நிலையத்தின் வாசலில் இருந்த சதுக்கத்தை மட்டும் கோடு இரண்டாக வெட்டியது!

படைவீரர்கள் தரையில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே போனார்கள். கோடு வயலுக்குள் போனது, தோட்டத்துக்குள் போனது. மீரென் என்ற பக்கத்துக் கிராமத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே போனது. ஒரே குடும்பத்தின் முன்னோர்கள் புதைந்த மண் இரண்டு நாடுகளுக்குச் சொந்தமானது. 1975-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஓசிமோ ஒப்பந்தம் வந்த பிறகுதான் அந்தக் கல்லறைத் தோட்டம் மறுபடி ஒன்றானது.

நமக்கு இந்தக் கதை புதிதல்ல. பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்த ராட்கிளிஃப் கோடு வெளியிடப்பட்டது 1947 ஆகஸ்ட் 17 அன்று. ஒரு மாதம்கூட முடியவில்லை, ஐரோப்பாவில் கொரிட்சியாவின் தெருக்களிலும் கோடு விழுந்துவிட்டது.

ஊரை இழந்தவர்களுக்கு ஒரு புது ஊர்

கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த கிராமங்களுக்கு இப்போது ஊரே இல்லை. மருத்துவமனைக்கும் மேல்படிப்புக்கும் சந்தைக்கும் எங்கே போவது? 'பழைய ஊர் கிடைக்காவிட்டால் என்ன, புதிதாக ஒன்றைக் கட்டுவோம்' என்று முடிவெடுத்தது யூகோஸ்லாவிய அரசு. 1948 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாடெங்கிலும் இருந்து இளைஞர் படைகள் வந்து மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வேலை செய்தன.

நகரத்தை வடிவமைத்தவர் எட்வார்ட் ராவ்னிகர். போருக்கு முன் பாரிஸில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகராக சண்டிகரை வடிவமைத்தவர் அதே லெ கொர்புசியேதான். கோடு போட்டதால் ஊரை இழந்த இரண்டு பகுதிகள். ஒன்றுக்கு குருவும் இன்னொன்றுக்கு சீடரும் நகரம் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள்! அகலமான சாலை, வரிசை வரிசையாக மரம், நடுவில் திறந்த வெளி என்று இரண்டிலும் அந்தக் காலத்துச் சிந்தனையைப் பார்க்கலாம்.

ரயில் நிலையத்தின் கூரையில் ஒரு பெரிய சிவப்பு நட்சத்திரத்தை ஏற்றினார்கள். 'நாங்கள் சோஷலிசத்தைக் கட்டுகிறோம்' என்ற வாசகமும் ஏறியது. இரண்டுமே இத்தாலிப் பக்கம் பார்த்தபடி இருந்தன. சேதி யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விளக்குமாறு ஞாயிறு

அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டைக் கூட்டுவதற்கு விளக்குமாறு வேண்டுமே!

1950-ல் யூகோஸ்லாவியாவில் சாதாரணப் பொருள்களுக்கே தட்டுப்பாடு. முக்கியமாக விளக்குமாறு கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. எல்லையில் உறவினர்களைப் பார்க்கலாம் என்ற சேதி பரவி, ரோஷ்னா டோலினா சோதனைச் சாவடிக்கு மக்கள் வந்து குவிந்தார்கள். எதிர்ப்பக்கம் சொந்தக்காரர்கள் நின்றார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்று வருடமாகப் பார்க்காத முகங்கள்! கூட்டம் பெருகியது, முன்னால் நகர்ந்தது, ஒரு கட்டத்தில் காவலைத் தள்ளிக்கொண்டு கொரிட்சியாவுக்குள் புகுந்துவிட்டது.

காவலர்கள் சுடவில்லை. ஆயிரக்கணக்கானோர் பழைய ஊரின் தெருக்களில் நிறைந்தார்கள். சொந்தக்காரர்களின் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் பலர். மற்றவர்கள் கடைகளுக்குள் நுழைந்தார்கள். சாயங்காலம் திரும்பியபோது நிறைய பேரின் தோளில் விளக்குமாறு இருந்தது. அதனால்தான் அந்த நாளுக்கு 'விளக்குமாறு ஞாயிறு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. எல்லையின் இரு பக்கமும் இன்றும் அதே பெயரில்தான் அதை நினைவுகூர்கிறார்கள்.

கவனித்துப் பாருங்கள். எல்லையை உடைத்துக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் அன்றே திரும்பி வந்துவிட்டார்கள். நாட்டைவிட்டு ஓட வேண்டும் என்பது அவர்கள் எண்ணமாக இருக்கவில்லை. நேற்று வரை நடந்து போன கடைக்கு இன்றும் நடந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

மாதம் நாலு முறை போகலாம்

இதை அரசுகளும் மெல்லப் புரிந்துகொண்டன. வயல் அந்தப் பக்கமும் வீடு இந்தப் பக்கமும் இருந்த விவசாயிகளுக்கு முதலில் அனுமதி கிடைத்தது. 1955-ல் உதினே நகரில் இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு ஒரு தனி பாஸ். அதைக் காட்டி மாதம் நாலு முறை போய்வரலாம். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. கம்யூனிஸ்ட் நாட்டுக்கும் மேற்கத்திய நாட்டுக்கும் நடுவே இப்படியொரு ஏற்பாடு அன்றைக்கு அபூர்வம்.

1960-களில் யூகோஸ்லாவியா தன் மக்களுக்குப் பாஸ்போர்ட்டைத் தாராளமாகக் கொடுக்கத் தொடங்கியது. அப்புறம் என்ன? காபித்தூள், ஜீன்ஸ், சலவைத்தூள், பொம்மை என்று வாங்கிக் குவிக்க யூகோஸ்லாவியர்கள் இத்தாலிக்குப் போனார்கள். இறைச்சியும் பெட்ரோலும் மலிவு என்று இத்தாலியர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். சுங்க அதிகாரியின் கண்ணில் படாமல் எதை எங்கே ஒளித்துக்கொண்டு வருவது என்பது ஒரு கலையாகவே வளர்ந்தது. அந்தக் கடத்தல் கதைகளுக்காக, பிரிஸ்தாவா என்ற பழைய எல்லைச் சாவடியில் இன்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது!

ரயில் விஷயத்தில் மட்டும் ஊர் பிரிந்தே இருந்தது. பழைய ஊர்க்காரர்கள் 1860-ம் ஆண்டு நிலையத்தைப் பயன்படுத்தினார்கள். புதிய ஊருக்கு 1906-ம் ஆண்டு நிலையம். இரண்டையும் இணைக்கும் ஒரு சிறிய தண்டவாளம் இருந்தும், பல காலம் அதில் பெரும்பாலும் சரக்கு வண்டிகள்தான் போயின.

வேலிக்கு நடுவே ஒரு சாலை

சாலைகளின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஆற்றுக்கு மேற்கே பெர்டா என்று திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு பகுதி உண்டு. அதுவும் யூகோஸ்லாவியாவுக்குத்தான் கிடைத்தது. ஆனால், அங்கிருந்து நோவா கொரிட்சாவுக்கு வரும் நேர்வழி இத்தாலிக்குள் போனது. பக்கத்தில் இருக்கும் ஊருக்கு, மலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

இதற்கு ஓசிமோ ஒப்பந்தத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சபோட்டின் மலைச் சரிவில், இத்தாலிய மண்ணுக்குள்ளேயே யூகோஸ்லாவியர்களுக்கு ஒரு சாலை! 1985-ல் அது திறக்கப்பட்டது. இத்தாலிக்குள் போகும் பகுதியில் இரண்டு பக்கமும் உயரமான வேலி. வண்டியை நிறுத்தக் கூடாது, புகைப்படம் எடுக்கக் கூடாது. ஒரு நாட்டிலிருந்து கிளம்பி, வேறு நாட்டின் மண் வழியாக, மறுபடி சொந்த நாட்டுக்கே வந்து சேர வேண்டும். பாஸ்போர்ட் வேண்டாம், ஆனால் கதவைத் திறந்து காலைக் கீழே வைக்க முடியாது.

1991 ஜூனில் ஸ்லோவேனியா தனி நாடாக அறிவித்துக்கொண்டபோது, சோதனைச் சாவடிகளைக் கைப்பற்ற யூகோஸ்லாவிய ராணுவம் டாங்கிகளை அனுப்பியது. அன்று விளக்குமாறு வாங்க மக்கள் நுழைந்த அதே ரோஷ்னா டோலினாவில் துப்பாக்கிச் சண்டை நடந்து, உயிர்களும் போயின. பத்து நாள்களில் போர் ஓய்ந்தது. இத்தாலியின் பக்கத்து நாட்டின் பெயர் ஸ்லோவேனியா என்று மாறியது. கோடு மட்டும் அதே இடத்தில் இருந்தது.

வேலி போனது, நாணயம் ஒன்றானது

2004 மே 1 அன்று ஸ்லோவேனியா ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே ரயில் நிலையச் சதுக்கத்தின் வேலி அகற்றப்பட்டது. ஏப்ரல் 30 இரவு, அதே சதுக்கத்தில் விழா. ஐரோப்பிய ஆணையத்தின் அன்றைய தலைவர் ரோமனோ ப்ரோடி வந்திருந்தார்.

ஆனாலும் ஒரு வேடிக்கை மிச்சமிருந்தது. சதுக்கத்துக்குள் இரு நாட்டுக்காரர்களும் தாராளமாகக் கலந்து நடக்கலாம். நடந்து முடித்ததும் அவரவர் நாட்டுக்குள்தான் திரும்பிப் போக வேண்டும்! எதிர்ப்பக்கத்து ஊருக்குள் போக, முறையான சோதனைச் சாவடியைத்தான் தேட வேண்டும். 2007 ஜனவரியில் ஸ்லோவேனியாவும் யூரோவுக்கு மாறியது, காசு மாற்றும் தொல்லை ஒழிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று ஷெங்கன் ஏற்பாட்டில் ஸ்லோவேனியா சேர்ந்தது, சோதனையும் ஒழிந்தது. விளக்குமாறு ஞாயிறன்று ஒருநாள் மட்டும் கிடைத்த சுதந்திரம், 57 வருடம் கழித்து எல்லா நாளும் கிடைத்தது.

இரண்டு ரயில் நிலையங்களுக்கும் நடுவே நகரப் பேருந்து ஓடத் தொடங்கியது. வீடு ஒரு நாட்டில், வேலை இன்னொரு நாட்டில் என்பது சகஜமானது. சபோட்டின் சாலையிலும் பாஸ்போர்ட் கவலை தேவையில்லாமல் போனது.

திரும்பி வந்த வேலி

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

2020 மார்ச். இத்தாலியில் கொரோனா வேகமாகப் பரவியது, எல்லை மூடப்பட்டது. ரயில் நிலையச் சதுக்கத்தின் நடுவே மறுபடி ஒரு வேலி! பதினாறு வருடங்களாக வேலியையே பார்க்காத பிள்ளைகள், பாட்டி சொன்ன கதையை நேரில் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பக்கம் நின்று காதலர்களும் நண்பர்களும் வேலி வழியாகப் பேசிக்கொண்ட படங்கள் உலகச் செய்திகளில் வந்தன. ஜூனில்தான் அந்த வேலி எடுக்கப்பட்டது.

2023 அக்டோபரில் இன்னொரு மாற்றம். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஸ்லோவேனிய எல்லையில் இத்தாலி மறுபடி சோதனையைத் தொடங்கியது. தற்காலிக ஏற்பாடாக வந்தது, பிறகு பலமுறை நீட்டிக்கப்பட்டது. எல்லா வண்டியையும் நிறுத்துவதில்லை என்றாலும், எந்த வண்டியையும் நிறுத்தலாம் என்ற நிலை திரும்பிவிட்டது.

இதற்கு நடுவில்தான் 2025-ம் ஆண்டுக்கான 'ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர்' பட்டம் நோவா கொரிட்சாவுக்கும் கொரிட்சியாவுக்கும் சேர்ந்தே கிடைத்தது. ஒவ்வொரு வருடமும் ஐரோப்பாவில் சில நகரங்களுக்குத் தரப்படும் பட்டம் அது. இரண்டு நாடுகளில் இருக்கும் இரண்டு ஊர்கள் எல்லை தாண்டி ஒன்றாக நின்று அதை ஏற்றது இதுவே முதல் முறை. 2025 பிப்ரவரி 8 அன்று தொடங்கிய விழாவில் மக்கள் இரண்டு ஊர்களின் தெருக்களிலும் மாறி மாறி நடந்தார்கள். வழியில் யாரும் தடுக்கவில்லை.

கூரையில் இருந்த சிவப்பு நட்சத்திரம் இப்போது நிலையத்துக்குள் இருக்கும் சிறிய அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருள். எல்லைக் காவலரின் சீருடையும் பழைய பாஸ்களும் அங்கே இருக்கின்றன. வெளியே வடக்கே போகும் ரயில், சோல்கன் கல் பாலத்தைக் கடந்து மலைக் குகைகளுக்குள் புகுந்து போகிறது. சதுக்கத்தில் கோட்டின் இரு பக்கமும் மக்கள் அவரவர் வேலையாக நடக்கிறார்கள். வேலி இல்லாத நாளையும் வேலி வந்த நாளையும் பார்த்தவர்கள் அவர்கள். அடுத்த தெருக் கடைக்குத் தடையில்லாமல் போய்வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்களைவிட யாரும் நன்றாகச் சொல்லிவிட முடியாது.